மூணு பேக் மோகம்: அடுத்த சீசனுக்கு எந்த ஃபார்மேஷன்?

பிளஸ் ஒன் சேரும்போது பக்கத்து வீட்டுப் பையன் எந்த குரூப் எடுத்தானோ அதையே எடுப்பது எங்கள் ஒடுகத்தூர் பக்கம் பழைய வழக்கம். இப்போது கால்பந்திலும் அதுவே நடக்கிறது. சனிக்கிழமை ராத்திரி போனில் எந்த மேட்ச் பார்த்தார்களோ, ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்தில் அந்த டீமின் ஃபார்மேஷன். மிச்சத்தை அப்பாக்கள் பார்த்துக்கொள்கிறார்கள். "எம் பையன் ஃபார்வர்டுதான் சார் ஆடணும், பின்னாடி நிக்க வெச்சா யாரு பாப்பாங்க?" என்று ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து வரும் வழியிலேயே வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சென்னையின் எஃப்.சி. ரசிகர்களான நாங்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. 2024-25 ஐ.எஸ்.எல். சீசனில் 13 அணிகளில் 11-ஆவது இடம் வந்ததிலிருந்து டீக்கடையில் ஒரே மருந்துதான் பேசுகிறோம்: "மூணு பேக் போட்டா சரியாப் போயிடும்."

சரியாகுமா? அடுத்த சீசனைப் பற்றி யோசிக்கும் ரசிகர்களும், ஊர் டீமை நடத்தும் பையன்களும் கையில் இருக்கும் வழிகளை ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

4-4-2

இதை விளக்க வேண்டியதில்லை. நாலு பேக், நாலு மிட்ஃபீல்டர், இரண்டு ஃபார்வர்டு. யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்பது சின்னப் பையனுக்கும் புரியும். முன்னால் இரண்டு பேர் ஜோடியாக ஆடினால் என்ன ஆகும் என்பதை 2015-இல் பார்த்தோம். மடெராஸி பயிற்சியாளர், மெண்டோஸாவும் ஜேஜேவும் முன்னால். கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் 87-ஆவது நிமிடத்தில் 1-2 என்று பின்தங்கிய நம் அணி, 3-2 என்று கோப்பையோடு திரும்பியது. மெண்டோஸா அந்த சீசனில் அடித்தது 13 கோல்.

4-2-3-1

ஒரு ஃபார்வர்டைக் குறைத்து, பேக்குகளுக்கு முன்னால் இரண்டு மிட்ஃபீல்டரைக் காவலுக்கு நிறுத்துவது. 2017-18-இல் ஜான் கிரிகரியின் பயிற்சியில் சென்னையின் இப்படித்தான் ஆடியது. வியாசர்பாடிப் பையன் தன்பால் கணேஷ் அந்தக் காவல் வேலையைச் செய்துகொண்டே கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் ஒரு கோலும் போட்டார். கோப்பையும் வந்தது.

4-3-3

பந்தைக் காலில் வைத்திருக்கத் தெரிந்தவர்களுக்கு. கோயம்புத்தூரை வீடாகக் கொண்டிருந்த சென்னை சிட்டி, சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸின் பயிற்சியில் சின்னச் சின்ன பாஸாக ஆடி 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்றது. பெட்ரோ மன்சி 21 கோல். அந்தப் பாஸ்களுக்குச் சமதளமான புல்தரை வேண்டும். நம்மூர் செம்மண்ணில் மூன்றாவது பாஸிலேயே பந்து கல்லில் பட்டு வேறு பக்கம் போய்விடும்.

மூன்று பேக்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பின்னால் மூன்று ஸ்டாப்பர், இரண்டு ஓரத்திலும் மேலும் கீழும் ஓட ஆளுக்கொரு விங்பேக்.

இந்த மோகத்தைக் கிளப்பிவிட்டது 2016-17 செல்சீ. முந்தைய சீசனில் பத்தாவது இடத்தில் கிடந்த அணியை அன்டோனியோ கான்டே மூன்று பேக்குக்கு மாற்றினார். தொடர்ந்து 13 லீக் வெற்றி, 93 புள்ளி, சாம்பியன். அதைப் பார்த்தவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். விங்கராக இருந்த விக்டர் மோசஸை விங்பேக்காக மாற்றியெடுக்கப் பட்ட பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ரூபன் அமோரிம் இதே மூன்று பேக்கை வைத்து ஸ்போர்ட்டிங் அணிக்குப் போர்ச்சுகலில் இரண்டு முறை லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் வந்து அதையே போட்டார். அந்த சீசனில் அணி முடித்த இடம் 15. ஃபார்மேஷன் அதேதான், அதற்கென்று வளர்ந்த ஆட்கள் அங்கே இல்லை.

நம் மைதானத்தில் இது எப்படி உடைகிறது என்று ஒரு நாள் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று பாருங்கள். வலது விங்பேக் பந்தோடு மேலே போகிறான். பாஸ் பறிபோகிறது. எதிரணிப் பையன் யோசிக்காமல் காலி இடத்துக்கு ஒரு நீளப் பந்து அடிக்கிறான். விங்பேக் திரும்பி ஓடி வர அறுபது மீட்டர் இருக்கிறது. வலது ஸ்டாப்பர் கோட்டோரம் இழுக்கப்படுகிறான், நடு ஸ்டாப்பர் அவன் இடத்துக்கு நகர்கிறான், இடது ஸ்டாப்பர் நடுவுக்கு வருகிறான். தூரத்து போஸ்ட் பக்கம் எதிரணியின் விங்கர் தன்னந்தனியாக நிற்கிறான். கிராஸ் வந்தால் கோல். இரண்டு முறை இப்படி வாங்கிய பிறகு விங்பேக் மேலே போவதையே நிறுத்திவிடுகிறான். அதற்கப்புறம் அது மூன்று பேக் இல்லை, ஐந்து பேக். முன்னால் பந்து வாங்க ஆள் கிடையாது.

வேலூர் மாவட்டத்து வெயிலையும் கணக்கில் சேருங்கள். நம் போட்டிகள் பாதி கோடை விடுமுறையில்தான் நடக்கின்றன. மே மாதத்தில் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும் ஊரில், கோட்டுக்குக் கோடு ஓடும் வேலையைப் பதினைந்து வயதுப் பையன் தலையில் கட்டுவது பயிற்சி ஆகாது.

"2020 இறுதிப் போட்டியில் ஏ.டி.கே. நம்மை 3-1 என்று அடித்தது மூணு பேக் வைத்துத்தானே?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் ஏ.டி.கே. பயிற்சியாளர் ஹபாஸிடம் இடது பக்கம் இருந்தவர் மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன், விங்கராகவே பேர் வாங்கியவர், தற்காக்கவும் பழகிக்கொண்டார். அப்படி இரண்டு பேர் உங்களிடம் இருந்தால் தாராளமாகப் போடுங்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால் பெங்களூரில் நடந்த இறுதியில் மூன்று பேக் போட்ட பெங்களூரு, சொந்த மைதானத்திலேயே நம்மிடம் 2-3 என்று தோற்றது. நம் மைல்சன் ஆல்வஸ் தலையால் முட்டிய இரண்டு கோலும் கார்னரிலிருந்து வந்தவை. கார்னர் வரும்போது மூணு பேக்கா, நாலு பேக்கா என்ற பேச்சே கிடையாது. எகிறுகிறவன் எவன் என்பதுதான்.

என் பக்கச் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆடிய காலத்தில் ரைட் பேக். நாலு பேக் மேல் எனக்குப் பாசம் உண்டு. அதைக் கழித்துக்கொண்டு படித்தாலும் கணக்கு மாறாது.

சென்னையினுக்கு என் யோசனை 4-2-3-1. 2021-22 முதல் ஐ.எஸ்.எல்.லில் களத்தில் நான்கு வெளிநாட்டவருக்குத்தான் இடம் என்று ஆனது. மூன்று பேக் போட்டால் அதில் இரண்டு பேராவது ஸ்டாப்பராகப் போய்விடுவார்கள். கோல் போட யார் மிச்சம்? நாலு பேக்கில் ஒருவரை ஸ்டாப்பராகவும், ஒருவரை நடுக் காவலுக்கும், ஒருவரை ஃபார்வர்டுக்குப் பின்னாலும், ஒருவரை ஃபார்வர்டாகவும் பிரித்து வைக்கலாம். விங்கிலும் பேக்கிலும் நம் பையன்கள் ஓடட்டும். ஒடுகத்தூர் டீமுக்கு 4-4-2 போதும்.

எதை எடுத்தாலும் ஒரு சீசன் முழுக்க அதில் நில்லுங்கள். இரண்டு தோல்விக்கே மாற்றுகிறவன் எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஃபார்மேஷன் மட்டுமே கோப்பை தந்துவிடாது என்பதையும் மறக்காதீர்கள். 2018-இல் கோப்பை வென்ற சென்னையின், அதே பயிற்சியாளரோடு அடுத்த சீசனில் கடைசி இடம் வந்தது. 2019-20 சீசனின் நடுவில் ஓவன் காயில் பயிற்சியாளராக வந்து, இருந்த ஆட்களை வைத்தே இறுதிப் போட்டி வரை கொண்டுபோனார். எண்களுக்குள் மந்திரம் எதுவும் இல்லை. யாருக்கு எது வரும் என்று பார்த்து நிறுத்துவதும், அது கை கூடும்வரை பொறுப்பதும்தான் வேலை. தம்பிகளே, வேகம் இருக்கிறவன் விங்குக்குப் போ. பொறுமை இருக்கிறவன் பின்னால் நில். கை தட்டல் குறைவாக வருகிற இடம் என்பதற்காக அது தாழ்ந்த இடம் ஆகிவிடாது.

அப்பாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பையன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று கேட்பதற்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வந்து அவன் எப்படி ஆடுகிறான் என்று முழு மேட்சையும் பாருங்கள். டீமை நடத்துகிறவர்கள் அடுத்த சீசனுக்கு முதலில் இரண்டு நல்ல சைடு பேக்கைத் தேடுங்கள். அவர்கள் கிடைத்த பிறகு ஃபார்மேஷனைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.