ஆச்சியிடமே கேளுங்கள்

மம்சாபுரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வயதானவர்களைப் பார்க்கப் புதிதாக வீடு ஏறும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியதிலிருந்து சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வாசல்வரை வந்து பார்க்கப்படுகின்றன. அதே வீடுகளில் மறதி நோயும் இருக்கிறது. இந்தியாவில் அறுபது தாண்டியவர்களில் சுமார் 7.4 சதவீதம், அதாவது 88 லட்சம் பேருக்கு அது இருக்கலாம் என்று 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. அவர்களிடம் "இன்னிக்கு என்ன கிழமை?" என்று எல்லோரும் கேட்கிறோம். "எப்படி இருக்கீங்க, மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பவர்கள் குறைவு.

1. மறதி எவ்வளவு என்று பார்த்ததும் வாழ்க்கை எப்படி என்று தெரிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது இதுதான்: ஞாபக மதிப்பெண்ணுக்கும், அந்த மனிதர் தன் வாழ்க்கைக்குத் தரும் மதிப்புக்கும் தொடர்பு மிகக் குறைவு. மனச்சோர்வுக்கும் அதற்கும்தான் நெருங்கிய தொடர்பு. பேரன் பெயர் மறந்த ஆச்சி நிம்மதியாக இருக்கலாம். எல்லாப் பெயரும் தெரிந்த தாத்தா உள்ளுக்குள் உடைந்துபோயிருக்கலாம்.

2. முதலில் அவரிடமே கேளுங்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ரெபெக்கா லாக்ஸ்டன் குழுவினர் உருவாக்கிய 'கியூஓஎல்-ஏடி' என்ற கேள்வித்தாளில் 13 விஷயங்கள் இருக்கின்றன: உடம்பு, தெம்பு, மனநிலை, இருக்கும் இடம், ஞாபகம், குடும்பம், துணை, சிநேகிதம், தன்னைப் பற்றிய எண்ணம், வீட்டு வேலை செய்ய முடிவது, பிடித்ததைச் செய்ய முடிவது, பணம், மொத்த வாழ்க்கை. ஒவ்வொன்றுக்கும் மோசம், சுமார், நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு என்று நாலு பதில். மொத்தம் 13 முதல் 52 வரை. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் வாய்மொழியாகக் கேட்கலாம். அதே கேள்விகளை, அவரைப் பார்த்துக்கொள்பவரிடமும் கேட்பார்கள். இரண்டையும் சேர்க்கும்போது நோயாளியின் பதிலுக்கு இரண்டு பங்கு, வீட்டாரின் பதிலுக்கு ஒரு பங்கு. இந்தக் கணக்கை எனக்கு மிகவும் பிடிக்கும். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, என்னைக் கேளுங்க" என்று மகன் குறுக்கே பேசினால் மரியாதையாகச் சொல்லுங்கள்: "உங்களையும் கேக்கப் போறேன் அண்ணாச்சி, முதல்ல ஆச்சி சொல்லட்டும்."

வீட்டார் கொடுக்கும் மதிப்பு பெரும்பாலும் நோயாளி கொடுப்பதைவிடக் குறைவாக இருக்கும். அவர்கள் பொய் சொல்வதில்லை. ராத்திரி தூக்கம் கெட்டவரின் அலுப்பு அந்த எண்ணில் கலந்துவிடுகிறது.

3. கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். காலையில், சாப்பிட்டு முடித்த நேரத்தில் போங்கள். டிவியை நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணாடியும் காது மெஷினும் இருந்தால் போட்டுவிடுங்கள். ராஜபாளையம் மில்லில் இருபது முப்பது வருஷம் தறி, கதிர் சத்தத்தில் நின்றவர்களுக்குக் காது மந்தமாக இருப்பது சாதாரணம். பதில் வராததை மறதி என்று எழுதிவிடாதீர்கள். எதிரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் அவர் தடுமாறுவார், கூனிக் குறுகுவார். இப்போது எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

நம் பக்கத்துப் பெரியவர்கள் முதலில் "ஏதோ இருக்கேன் தாயி" என்றுதான் சொல்வார்கள். அதை எழுதிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். உங்ககிட்ட யாரு பேசுறா? ராத்திரி முழிச்சுக் கிடக்கீங்களா? கோயிலுக்குப் போகணும்னு இருக்கா? என்று ஒவ்வொன்றாக இறங்கிக் கேளுங்கள்.

4. மனச்சோர்வைத் தனியாகத் தேடுங்கள். மறதி நோய் உள்ளவர் "கவலையா இருக்கு" என்று சொல்லாமல் போகலாம். அதற்காகவே 1988-ல் அலெக்சோபுலோஸ் குழுவினர் கார்னெல் அளவுகோலை உருவாக்கினார்கள். 19 அறிகுறிகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. கடந்த ஒரு வாரத்தை வைத்து, பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு, பிறகு நோயாளியையும் நேரில் பார்த்துப் பேசி மதிப்பிட வேண்டும். வாடிய முகம், பதற்றம், எரிச்சல், பசி குறைவது, எடை குறைவது, விடியுமுன் விழித்துக்கொள்வது, காலையில் கூடுதலாகச் சோர்ந்து கிடப்பது, "நான் பாரமா இருக்கேன்" என்ற பேச்சு எல்லாம் அதில் உண்டு. வேறு நோயால் வந்த அறிகுறியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. 10-ஐத் தாண்டினால் மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். நோய் என்று முடிவுசெய்வது டாக்டரின் வேலை. அவரிடம் கொண்டுசேர்ப்பது நம் வேலை. சாகணும் என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே கொண்டுசேர்க்க வேண்டும்.

5. சும்மா உட்கார்ந்திருப்பதெல்லாம் சோகம் ஆகாது. மூளை பாதிப்பால் சிலருக்குத் தானாக ஒன்றைத் தொடங்கும் ஆர்வமே போய்விடும். அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு வேலையில் இறக்கினால் முகம் கோணாமல் செய்வார். சோகத்தில் இருப்பவருக்கு அதிலும் சந்தோஷம் வராது. பூ கட்டக் கொடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

6. ஒரே நாளில், இரண்டு நாளில் ஆள் மாறிவிட்டால் அது மனநிலை என்று உட்கார்ந்து மதிப்பெண் போடாதீர்கள். சிறுநீர்க் கிருமி, காய்ச்சல், மலச்சிக்கல், நீர் வற்றுவது, புது மாத்திரை இவற்றால் வரும் குழப்பமாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரி.

7. வலியைப் பாருங்கள். பேச்சு நின்றவர்களுக்கென்று 2003-ல் வந்த 'பெயினாட்' முறையில் ஐந்து விஷயங்களைக் கவனிப்பார்கள்: மூச்சு, முனகல், முகம், உடம்பு இறுக்கம், தேற்றினால் அமைதியாகிறாரா என்பது. குளிக்கவைக்கும்போது அடிக்க வரும் தாத்தாவுக்கு முழங்கால் வலி இருக்கலாம். கண்ணில் புரை இருந்தால் அதையும் எழுதுங்கள். மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1976-லிருந்து இருக்கிறது. மறதிக்காரருக்குக் கண் ஆபரேஷன் எதற்கு என்று வீட்டில் கேட்டால் விடாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

8. சந்தோஷத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் படிவங்களில் குறைகளுக்கு நிறைய கட்டம் இருக்கிறது, மகிழ்ச்சிக்கு இடமே இல்லை. எனக்கு இதில் பெரிய வருத்தம். மகள் பெயர் வராத ஆச்சிகள் மார்கழியில் திருப்பாவையைத் தடங்கலில்லாமல் சொல்வதுண்டு. ஆடிப்பூரத் தேர் பேச்சை எடுத்தால் சிலருக்குக் கண் மலரும். வயக்காட்டில் இருந்தவருக்குக் கையில் ஒரு பிடி நெல் போதும். எந்தப் பாட்டுக்கு விரல் தாளம் போட்டது, யார் குரலுக்குத் திரும்பிப் பார்த்தார், எதற்குச் சிரித்தார் என்று எழுதுங்கள். பேச்சு நின்ற காலத்தில் இந்தக் குறிப்புதான் அவர் சார்பில் பேசும்.

9. மாத்திரையிலேயே முழு நம்பிக்கை வைக்காதீர்கள். மறதி நோயோடு மனச்சோர்வும் உள்ள 326 பேருக்கு செர்ட்ராலின், மிர்டாசபின் அல்லது வெற்று மாத்திரை கொடுத்து இங்கிலாந்தில் நடந்த ஆய்வு 2011-ல் லான்செட்டில் வந்தது. மருந்து வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. அதற்காக ஏற்கெனவே சாப்பிடுகிற மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லக்கூடாது. பேச்சுத்துணை, நடை, தூக்கம், வலிக்கு மருந்து ஆகியவை நடக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே டாக்டரைக் கேளுங்கள்.

10. பார்த்துக்கொள்ளும் மருமகளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ எப்படிம்மா இருக்கே?" என்று கேளுங்கள். அழுதால் அழட்டும். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்களை அவர் போனிலேயே பதிந்து கொடுங்கள்.

11. ஒருவரின் மதிப்பெண்ணை அடுத்த வீட்டுக்காரரின் மதிப்பெண்ணோடு ஒப்பிட வேண்டாம். மூன்று மாதம் கழித்து, அதே நேரத்தில், முடிந்தால் அதே ஆள் போய், அவருடைய பழைய மதிப்பெண்ணோடு பாருங்கள். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் அவர் சொன்ன ஒரு வாக்கியத்தையாவது அவர் பேச்சிலேயே எழுதிவையுங்கள். டாக்டர் படித்துப் பார்க்கும்படி தேதி போட்டு, அந்தத் தாளை வீட்டிலேயே மருந்துச் சீட்டோடு சேர்த்து வைத்துவிட்டு வாருங்கள்.