சிறைக்குள் செவிலியர் பணி: புதிதாகச் சேர்வோர் அறிய வேண்டியவை

அமெரிக்கச் சிறைகளில் செவிலியர் பணிக்கு அடித்தளமாக இருப்பது 1976-இல் வந்த ஒரு தீர்ப்பு. டெக்சாஸ் சிறையில் லாரியிலிருந்து பருத்திப் பொதி இறக்கும்போது அடிபட்ட ஜே. டபிள்யூ. கேம்பிள் என்ற கைதி வழக்குத் தொடுத்தார். கைதியின் கடும் நோயைத் தெரிந்தே அலட்சியம் செய்வது, அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தம் தடைசெய்யும் கொடிய தண்டனைக்கு ஒப்பானது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கேம்பிளுக்கு அதில் வெற்றி கிட்டவில்லை. அவருக்குப் பின் வந்த கைதிகளுக்கோ மருத்துவம் சட்ட உரிமையாயிற்று.

அந்த உரிமையை அன்றாடம் காப்பாற்றுவது பெரும்பாலும் செவிலியரே. பல சிறைகளில் மருத்துவர் நாள் முழுவதும் இருப்பதில்லை. இரவில் தொலைபேசியில்தான் கிடைப்பார். நோயாளியை முதலில் பார்ப்பதும், எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று பிரிப்பதும் செவிலியரின் பொறுப்பு. எனவே செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ் தேர்வு தேறிய கையோடு சிறைக்கு வருவதைவிட, அவசர சிகிச்சைப் பிரிவிலோ பொது வார்டிலோ ஓரிரு ஆண்டுகள் பழகிவிட்டு வருவது நல்லது. கேட்டுத் தெளிய மூத்தவர் இல்லாத இரவில், நெஞ்சுவலி என்று வருபவரை முதல் முறையாகப் பார்க்கும் நிலை புதியவருக்கும் ஆபத்து, நோயாளிக்கும் ஆபத்து.

நீண்ட தண்டனைக் கைதிகள் இருக்கும் மாநிலச் சிறைகளில் நீரிழிவு, ரத்த அழுத்தம், ஹெபடைடிஸ் சி, முதுமை ஆகியவையே பெரும்பகுதி வேலை. கவுண்டி எனப்படும் உள்ளாட்சிப் பகுதியின் சிறை வேறு வகை. நேற்றுவரை தெருவில் இருந்தவர், குடித்த நிலையிலோ போதை ஊசி போட்ட நிலையிலோ, இன்று உள்ளே வருகிறார். அங்கே வரவுப் பரிசோதனைதான் உயிர்நாடி. கடைசியாக எப்போது குடித்தார், எவ்வளவு, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், தற்கொலை எண்ணம் உண்டா என்று ஒவ்வொன்றையும் நேராகக் கேட்க வேண்டும். மதுவை நிறுத்தியதும் வரும் வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும். பிதற்றலும் நடுக்கமும் கூடிய கடும் நிலை இரண்டாம் நாளுக்குப் பின்னரும் தொடங்கலாம். ஹெராயின் நின்றதால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டவர் "நடிக்கிறார்" என்று விடப்பட்டு, உடலில் நீர் வற்றி இறந்ததுண்டு. கவுண்டி சிறைகளில் மரணத்துக்கான தனிக் காரணங்களில் தற்கொலையே முதலிடம் வகித்து வந்திருக்கிறது. முதல் சில நாட்களே மிக அபாயமானவை. நடிப்பு என்ற சந்தேகம் எழும்போதும் நாடி, ரத்த அழுத்தம், சுவாசம், வெப்பநிலை ஆகியவற்றை அளந்து எழுதாமல் நகரக் கூடாது. சிறைச் செவிலியருக்கு இதைவிட முக்கியமான விதி வேறில்லை.

மருந்து கொடுப்பதில் கையும் கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மாத்திரையைக் கன்னத்திலோ நாக்கின் அடியிலோ ஒதுக்கி, பின்னர் விற்பவர் உண்டு. மிரட்டலுக்குப் பயந்து மற்றவருக்குக் கொடுப்பவரும் உண்டு. கபாபென்டின், பூப்ரோபியான் போன்ற மருந்துகளுக்கு உள்ளே விலை இருக்கிறது. விழுங்கியபின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது நோயாளியையும் காக்கும். ஊசி, கத்தரி எல்லாம் பணிமுறை மாறும்போது எண்ணி ஒப்படைக்கப்படும். ஒன்று குறைந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும்.

காவலர் சொல்லும் பாதுகாப்பு விதிகளை அப்படியே கடைப்பிடிக்க வேண்டும். ஆனால் மருத்துவ முடிவு காவலருடையதல்ல. ஐ.நா.வின் நெல்சன் மண்டேலா விதிகளும் (2015) மருத்துவப் பணியாளரல்லாத சிறை ஊழியர்கள் மருத்துவ முடிவை மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது என்கின்றன. பரிசோதனையின்போது காவலர் கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கலாம். முடிந்தவரை பேச்சு அவர் காதில் விழாதபடி பார்த்துக்கொள்வது செவிலியர் கடமை.

கைதியிடம் மரியாதை வேண்டும், நெருக்கம் வேண்டாம். பெயர் சொல்லி அழைப்பது, சொன்ன நேரத்துக்கு வருவது, முடியாததை முடியாது என்பது போதும். வீடு, குடும்பம் பற்றிய தகவல் எதுவும் வாயிலிருந்து வரக் கூடாது. கடிதம் ஒன்றைத் தபாலில் சேர்க்கச் சொல்லும் சின்ன வேண்டுகோளில்தான் பெரும் சிக்கல்கள் தொடங்குகின்றன. வெளி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளை முன்கூட்டிச் சொல்லவே கூடாது. தப்பிக்கும் திட்டத்துக்கு அது உதவும். என்ன குற்றம் என்று தேடிப் பார்க்காமல் இருப்பதே மேல். தெரிந்துவிட்டால் கை தயங்கும்.

வேலையை ஏற்குமுன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சம்பளம் தருவது கவுண்டியா, மாநிலமா, ஒப்பந்த நிறுவனமா? ஒரு பணிமுறையில் ஒரு செவிலியருக்கு எத்தனை பேர்? மூத்தவருடன் சேர்ந்து பழகும் காலம் எவ்வளவு? நள்ளிரவில் மருத்துவர் அழைப்பை எடுக்காவிட்டால், யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸை வரவழைக்கச் செவிலியருக்கு அதிகாரம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தராத சிறையில் சேர வேண்டாம்.