பிரெஞ்சு நாட்டுப் பழங்கம்பளங்கள்: வாங்குவோரும் வரலாறும்

முதுகலை இரண்டாம் ஆண்டு, வரலாற்றுத் துறை

முன்னுரை

வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. மக்கள் காலால் மிதித்து நடந்த தரைவிரிப்பும் ஒரு சான்றே என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. பிரான்சு நாட்டில் 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் கையால் நெய்யப்பெற்ற கம்பளங்கள் இன்றும் அந்நாட்டுப் பழம்பொருட் கடைகளிலும் ஏல மன்றங்களிலும் விலைக்கு வருகின்றன. தம் வீட்டுக் கூடத்தில் விரிப்பதற்காகவே அவற்றை வாங்குவோர் உண்டு.

அவ்வாறு வாங்குகிறவர் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இக்கம்பளம் எங்கே நெய்யப்பட்டது? எப்போது நெய்யப்பட்டது? அன்று நெய்ததில் இன்று எவ்வளவு எஞ்சியிருக்கிறது? ஒரு செப்பேட்டைக் கையில் எடுக்கும் வரலாற்று மாணவன் கேட்கும் கேள்விகளும் இவையே. கடைக்காரர் கட்டிய சீட்டை மட்டும் நம்பாமல், பொருளையே சாட்சியாக நிறுத்தி விசாரிக்கும் முறையை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசனுக்காக நெய்தவை

பிரெஞ்சுக் கம்பளங்களில் இரண்டு பெயர்கள் தலைமையானவை. ஒன்று சவோனெரி, மற்றொன்று ஓபுசோன்.

கீழை நாடுகளிலிருந்து கம்பளம் வாங்குவதில் பிரான்சின் செல்வம் வெளியே போவதைத் தடுக்க எண்ணிய நான்காம் ஹென்றி மன்னர், 1608-ஆம் ஆண்டில் பியர் துபோன் என்னும் கலைஞருக்கு லூவர் அரண்மனையிலேயே நெசவுக்கூடம் அமைத்துக் கொடுத்தார். 1627-இல் துபோனுக்கும் அவருடைய மாணவர் சிமோன் லூர்தேக்கும் பதின்மூன்றாம் லூயி மன்னர் தனியுரிமை வழங்கினார். பாரிசை அடுத்த ஷாயோவில் சவுக்காரத் தொழிற்கூடமாக இருந்த பழைய கட்டடத்தில் தறிகள் நிறுவப்பட்டன. சவோனெரி என்ற சொல்லுக்குச் சவுக்காரக்கூடம் என்பதே பொருள். அங்கிருந்த அநாதைப் பிள்ளைகளுக்கு இத்தொழிலைக் கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாட்டின் ஒரு பகுதி. அரண்மனைகளை அழகுசெய்த இக்கலையின் தொடக்கத்தில் ஆதரவற்ற சிறுவர்களின் விரல்கள் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

பதினான்காம் லூயியின் காலத்தில் இத்தொழில் உச்சத்தை அடைந்தது. அமைச்சர் கோல்பேர் பொருளாதரவு தந்தார். ஓவியர் சார்ல் லெப்ரன் சித்திரங்களுக்குத் தலைமை தாங்கினார். லூவரின் பெருங்கூடம் ஒன்றுக்கு மட்டும் 93 கம்பளங்கள் திட்டமிடப்பட்டன. 1668-இல் தொடங்கிய இப்பணி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்தது. இதற்கிடையில் 1682-இல் அரசவையே வெர்சேலுக்கு மாறிவிட்டது!

வாங்குவோர் இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1768 வரை சவோனெரிக் கம்பளங்கள் முழுவதும் அரசனின் உடைமையாக இருந்தன. அவை அரண்மனைகளில் விரிக்கப்பட்டன. பிற நாட்டு மன்னர்களுக்குப் பரிசாகவும் சென்றன. பொதுமக்கள் கடையில் வாங்கும் சரக்காக இல்லை. 1789-இன் புரட்சிக்குப் பின்னர்தான் சில கம்பளங்கள் அரசுக்குக் கடன் கொடுத்தவர்களின் கைக்குப் போயின. சிலவற்றில் முடியாட்சிச் சின்னங்கள் வெட்டியெடுக்கப்பட்டன. எனவே 17-ஆம் நூற்றாண்டுச் சவோனெரி என்று ஒரு கம்பளம் விலைக்கு வந்தால், அது அரசனின் வீட்டை விட்டு எவ்வாறு வெளியே வந்தது என்ற கேள்விக்கு விடை இருக்க வேண்டும். கடைகளில் அப்பெயரோடு விற்பவற்றில் பெரும்பாலானவை அந்தப் பாணியில் பிற்காலத்தில், பிற இடங்களில் நெய்தவையே. சவோனெரி நெசவுக்கூடம் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிசிலுள்ள கோபெலின் நெசவுக்கூடத்தோடு இணைக்கப்பட்டு, அரசு நெசவுக்கூடமாகவே தொடர்ந்து வந்திருக்கிறது.

ஊர்மக்கள் நெய்தவை

ஓபுசோன் என்பது நடுப் பிரான்சில் கிரேஸ் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். சுவரில் தொங்கவிடும் சித்திரத் திரைகளை அவ்வூரார் பல தலைமுறைகளாக நெய்து வந்தனர். 1665-இல் அவ்வூர் நெசவுக்கு அரச தொழிற்கூடம் என்ற சிறப்புப் பெயர் கிடைத்தது. ஆயினும் 1685-இல் புரோட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாண்ட்ஸ் கட்டளையை மன்னர் நீக்கியபோது, அச்சமயத்தைச் சார்ந்த நெசவாளர் பலர் அயல் நாடுகளுக்கு ஓடிப்போயினர், தொழில் நலிந்தது. 18-ஆம் நூற்றாண்டில் அது மீண்டும் தழைத்தது. 1743 முதல் அங்கே தரைக்கம்பளங்களும் நெய்யப்பட்டன. இவை செல்வர்களும் வணிகர்களும் வாங்கக் கூடியவையாக இருந்தன. ஆகவே இன்று விலைக்கு வரும் பிரெஞ்சுப் பழங்கம்பளங்களில் ஓபுசோன் வகையையே மிகுதியாகக் காணலாம். இவ்வூரின் சித்திர நெசவு 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இருவகை நெசவு

சவோனெரி முடிச்சு நெசவு. நிமிர்ந்து நிற்கும் தறியில் பாவு நூல்கள் மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டப்படும். இரண்டிரண்டு பாவு நூல்களைச் சுற்றிக் கம்பளி நூலால் முடிச்சிடுவர். முடிச்சுக்கு முடிச்சு அந்நூல் ஒரு கம்பியின் மேல் வளையமாகச் சுற்றி வரும். கம்பியின் முனையில் கத்தி இருக்கும். கம்பியை உருவினால் வளையங்கள் அறுபட்டு இழைகள் குத்திட்டு நிற்கும். அவற்றைக் கத்தரிக்கோலால் சமப்படுத்துவர். மிதித்தால் மெத்தென்றிருப்பது இதனால்தான்.

ஓபுசோனில் முடிச்சு நெசவும் நடந்ததுண்டு. ஆனால் அவ்வூரின் பெயரை நிலைநாட்டியது தட்டை நெசவு. நம் ஜமக்காளத்தைப் போல இதிலும் குத்திட்டு நிற்கும் இழை இல்லை. ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. ஜமக்காளத்தில் ஊடை நூல் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஓடும். ஓபுசோனில் ஒவ்வொரு வண்ண நூலும் தன் எல்லைக்குள் மட்டும் சென்று திரும்பும். இலைக்குப் பச்சை நூல், பூவுக்குச் சிவப்பு நூல் எனத் தனித்தனிச் சிறு குழல்களைக் கையாள்வர். தறி படுக்கையாக இருக்கும். மாதிரிப் படம் பாவுக்கு அடியில் விரித்திருக்கும். நெசவாளர் தம் கண்ணெதிரே காண்பது கம்பளத்தின் பின்பக்கம். அதனால் படம் இடவலம் மாறியே வரையப்படும்.

இரு வண்ணங்கள் சந்திக்குமிடத்தில் நூல்கள் ஒன்றோடொன்று கோத்துக் கொள்ளாமையால் சிறு பிளவு தோன்றும். நெசவு முடிந்தபின் இப்பிளவுகளை ஊசியால் தைத்து மூடுவர்.

பின்பக்கமே முதற்சாட்சி

வாங்குகிறவர் முதலில் கம்பளத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும். தட்டை நெசவில் சித்திரம் பின்பக்கத்திலும் தெளிவாகத் தெரியும். நூல் முனைகளும் பிளவுகளைத் தைத்த தையலும் காணப்படும். தையல் நூல் இற்று, பிளவுகள் வாய் திறந்திருந்தால் பழுது பார்க்கும் செலவையும் கணக்கிட வேண்டும். முடிச்சு நெசவில் பின்பக்கம் முடிச்சுகள் வரிசை வரிசையாகத் தெரியும். கையால் இட்ட முடிச்சுகளில் சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும். பின்பக்கம் பசையும் சாக்குத் துணியும் ஒட்டியிருந்தால் ஐயம் கொள்ளலாம்.

பழைய ஓபுசோன் கம்பளங்களுக்குப் பின்னால் உறைத்துணி தைப்பதுண்டு. அது பாதுகாப்புக்கும் உதவும், குறையை மறைக்கவும் உதவும். ஒரு மூலையையாவது பிரித்துக் காட்டும்படி கேட்பது முறையே. அதற்கு இணங்காத விற்பனையாளரிடம் பெரும்பொருள் கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

சாயம் சொல்லும் காலம்

பழைய சாயங்கள் செடிகொடிகளிலிருந்து வந்தவை. சிவப்புக்கு மஞ்சிட்டி இனத்து வேர், நீலத்திற்கு அவுரி, மஞ்சளுக்கு வெல்டு என்னும் செடி ஆகியவை பயன்பட்டன. 1856-இல் இங்கிலாந்தில் வில்லியம் பெர்க்கின் ஊதா நிறச் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதன் பின்னரே இரசாயனச் சாயங்கள் பெருகின. செயற்கை அவுரி 1897-இல் சந்தைக்கு வந்தது. எனவே செயற்கைச் சாயம் ஏறிய கம்பளம் 18-ஆம் நூற்றாண்டினதாக இருக்க முடியாது. கல்வெட்டில் ஒரு மன்னன் பெயர் வந்தால் அக்கல்வெட்டு அவனுக்கு முந்தியதன்று என்று நாம் முடிவு செய்வது போன்றதே இது.

இங்கும் அவசரம் கூடாது. பழைய கம்பளத்தில் பிற்காலத்தார் ஒட்டுப்போட்ட இடத்தில் மட்டும் புதுச் சாயம் இருக்கலாம். புதுச் சாயம் ஒரு மூலையில் மட்டும் உள்ளதா, எங்கும் பரவியுள்ளதா என்று பார்க்க வேண்டும். முன்பக்கம் வெளிறியும் பின்பக்கம் சற்று அழுத்தமாகவும் இருப்பது வெயிலின் இயல்பான வேலை. இரு பக்கமும் ஒரே அளவில் மங்கியிருந்தால், பழமைத் தோற்றம் வருவதற்காகத் தேநீரிலோ இரசாயனத்திலோ நனைத்திருக்கலாம். ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையில் மெல்ல ஒற்றினால் சாயம் ஒட்டுகிறதா என்பதும் தெரியும்.

தேய்வும் வெட்டும்

மனிதர் நடந்த வழியில்தான் கம்பளம் தேயும். நடுவில் தேய்ந்து, மேசை நாற்காலிகளின் அடியில் தேயாமல் இருப்பதே இயற்கை. எங்கும் ஒரே சீராகத் தேய்ந்திருப்பது ஐயத்துக்குரியது.

அடுத்து ஓரங்களைப் பார்க்க வேண்டும். அரண்மனைக்கென நெய்த பெரிய கம்பளங்களைச் சிறு வீட்டுக்கு ஏற்ப வெட்டிக் குறைத்ததுண்டு. சித்திரம் நான்கு பக்கமும் ஒத்திருக்கிறதா, கரை பாதியில் நிற்கிறதா, மூலைகளில் கொடி தொடர்பின்றித் திரும்புகிறதா என்று நோக்கினால் உண்மை வெளிப்படும். வெளிச்சத்திற்கு எதிரே தூக்கிப் பிடித்தால் ஓட்டைகளும் இற்ற பாவும் தெரியும். மெல்ல வளைக்கும்போது நொறுங்கும் ஓசை கேட்டால் நூல் உயிரிழந்துவிட்டது என்று கொள்ளலாம். எவ்வளவு அழகாயினும் அது தரையில் விரிப்பதற்கு உதவாது.

சித்திரமும் காலத்தைச் சுட்டும். கருமையான தரையில் பெரிய இலைச் சுருள்களும் அரச சின்னங்களும் பதினான்காம் லூயியின் காலப் பாணி. மென்மையான வண்ணங்களும் மலர்க்கொடிகளும் பதினைந்தாம் லூயி காலத்தவை. வாகை மாலையும் கழுகும் தேனீயும் நெப்போலியன் காலத்தவை. ஆனால் ஒரு காலத்துப் பாணியைப் பின்னொரு காலத்தார் எளிதில் நகல் எடுக்கலாம். ஆகவே சித்திரம் துணைச் சான்றே ஆகும். நெசவும் சாயமும் அதனை உறுதிப்படுத்த வேண்டும்.

பெயரும் சட்டமும்

ஓபுசோன் என்பது முதலில் ஊரின் பெயர். பிறகு ஒரு நெசவு முறையின் பெயராகவும் ஆகிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் சீன நாட்டிலும் இப்பாணியில் தட்டைக் கம்பளங்கள் கையால் நெய்யப்படுகின்றன. அவற்றை இழிவாகக் கருத வேண்டியதில்லை. அவையும் மனிதக் கையின் உழைப்பே. புதுக் கம்பளத்தைப் புதிது என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் குற்றமில்லை. நூறாண்டுக்கு மேற்பட்டதையே பழம்பொருள் என்று வணிகர் பொதுவாகக் கொள்வர். புதியதை அவ்வாறு சொல்லி விற்பதே ஏமாற்று.

இதனைத் தடுக்கப் பிரான்சில் 1981-ஆம் ஆண்டு மார்ச்சு 3-ஆம் நாள் ஓர் அரசாணை பிறப்பிக்கப்பட்டது. அதன்படி வாங்குவோர் கேட்டால், பொருளின் தன்மை, சேர்க்கை, பிறப்பிடம், வயது ஆகியவை பற்றித் தாம் சொன்னவற்றை விற்பவர் எழுத்தில் தர வேண்டும். ஒரு பொருளின் பெயரோடு ஒரு நூற்றாண்டையோ காலத்தையோ சேர்த்துச் சொன்னால், அது அக்காலத்தில் செய்யப்பட்டது என்பதற்கு அச்சொல்லே உறுதிமொழியாகும். பிற்காலத்தில் சேர்த்த பகுதிகள் இருந்தால் அதனையும் கூற வேண்டும். ஆனால் இன்ன 'பாணி' என்று மட்டும் சொன்னால், எந்த உறுதியும் இல்லை. பதினைந்தாம் லூயி காலக் கம்பளம் என்பதற்கும் பதினைந்தாம் லூயி பாணிக் கம்பளம் என்பதற்கும் இடையே ஒரு சொல்தான் வேறுபாடு. அந்த ஒரு சொல்லில் வாங்குவோரின் பணம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

வீட்டில் பேணுதல்

தட்டை நெசவு மெல்லியது. பலர் நடமாடும் வாயிலிலும் உணவு மேசையின் அடியிலும் அதனை விரித்தல் தகாது. அடியில் ஒரு மெத்தை விரிப்பு இருந்தால் தேய்வு குறையும். நேர் வெயில் படாமல் திரையிட வேண்டும். அவ்வப்போது திசைமாற்றிப் போட்டால் தேய்வும் வெளிறலும் ஒரே இடத்தில் சேரா. கோலால் அடித்துத் தூசி தட்டுவது பழைய நூலை அறுத்துவிடும். எடுத்து வைக்கும்போது மடிக்காமல் உருளையில் சுற்ற வேண்டும். கம்பளிப் பூச்சி அரிக்கிறதா என்று பின்பக்கத்தையும் அடிக்கடி பார்த்தல் நலம்.

முடிவுரை

புரட்சிக் காலத்தில் அரச சின்னங்களை வெட்டியவர்களும், பின்னர் வீட்டின் அளவுக்குக் கம்பளத்தைக் குறைத்தவர்களும் அதனைத் தம் உடைமை என்று கருதியே அவ்வாறு செய்தனர். அவர்கள் வெட்டிய பகுதியை இனி எவராலும் மீட்க இயலாது. இன்று வாங்குகிறவரும் அதே நிலையில்தான் இருக்கிறார். தெரிந்து வாங்கினால் அச்சான்று இன்னொரு தலைமுறைக்குப் போய்ச் சேரும். தெரியாமல் வாங்கினால் பொய்யான வரலாறு ஒன்று அவருடைய பணத்தில் வளரும்.

பழங்கம்பளம் வாங்கும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்கு அமையும் என்பது வேறு. ஆனால் சீட்டைப் படிக்கும் முன் பொருளைப் புரட்டிப் பார்ப்பதும், ஒரு சான்றை மற்றொரு சான்றோடு ஒப்பிட்டுத் தெளிவதும் நம் துறைக்கு உரிய பயிற்சியாகும். அப்பயிற்சி வகுப்பறையோடு நின்றுவிடாமல் கடைத்தெருவிலும் நமக்குத் துணை நிற்கும்.