பூசணம் பிடித்த சரக்கும் கல்லீரலும்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கடலை, மக்காச்சோளம், வத்தல், மல்லி வாங்கி இருப்பு வைத்து விற்பவர்கள் நாம். அறுவடையில் மழை பிடித்தால் சரக்கில் பூசணம் பூக்கும். அதனால் வருவது பண நஷ்டம் மட்டுமன்று.

1974-ஆம் ஆண்டு இறுதியில், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டவர்களுக்கு மஞ்சள் காமாலை கண்டது. வயிற்றில் நீர் கோத்தது. நூறு பேருக்கு மேல் மாண்டனர். காரணம், சிலவகைப் பூசணம் உண்டாக்கும் 'அஃப்லடாக்சின்' நச்சு. வறுத்தாலும் வேகவைத்தாலும் இது முழுதும் அழியாது. சிறிது சிறிதாகப் பல ஆண்டு உடலில் சேர்ந்தால் கல்லீரலில் புற்றுநோயும் வரலாம்.

கல்லீரல் கெடுவது தொடக்கத்தில் வெளியே தெரியாது. இரத்தப் பரிசோதனையே காட்டும். சாக்கு கிழிந்தால் தானியம் சிந்துவதுபோல, கல்லீரல் செல்கள் சிதைந்தால் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. என்னும் நொதிகள் இரத்தத்தில் கசியும். பிலிரூபின் கூடினால் காமாலை. கல்லீரல் தயாரிக்கும் ஆல்புமின் குறைந்தால் நெடுநாள் பாதிப்பு இருக்கலாம். காலிச் சாக்கிலிருந்து சிந்த ஒன்றுமில்லை; முற்றிய நோயில் நொதி அளவு சரியாகவும் இருக்கக்கூடும். மது, வைரஸ், கொழுப்பு ஆகியவற்றாலும் கல்லீரல் கெடும். எனவே முடிவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது: நன்கு காய்ந்த சரக்கையே வாங்குங்கள். மூட்டைகளைப் பலகைமேல் அடுக்குங்கள். சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைக் கழித்து ஒதுக்குங்கள். கழித்ததை மலிவாகச் செக்குக்கோ மாட்டுத் தீவனத்துக்கோ தள்ளாதீர்கள். எண்ணெயிலும் பாலிலும் அந்த நச்சு நம் வீட்டுக்கே திரும்பி வரும்.