உஹூராவின் நாற்காலி

ஒரு தொலைக்காட்சித் தொடர் முடிந்து போனால் அதில் வந்த பாத்திரங்களும் மெல்ல மறைந்து விடுவதே வழக்கம். ஆனால் 1969-இல் நின்றுபோன ஓர் அமெரிக்கத் தொடரின் மாந்தரை, வீட்டுப் பெரியவர்களை நினைப்பது போல இன்றும் பல நாட்டு ரசிகர்கள் நினைவுகூர்கிறார்கள். அத்தொடரின் பெயர் 'ஸ்டார் ட்ரெக்'.

ஜீன் ராடன்பெரி என்பவர் உருவாக்கிய இத்தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிற்று. 23-ஆம் நூற்றாண்டில் 'என்டர்பிரைஸ்' என்னும் விண்கலம் புதிய உலகங்களைத் தேடிச் செல்வதே கதை. கலத்தின் தலைவர் கேப்டன் கிர்க். அவருக்குத் துணை, கூரிய காதுகளும் சிரிக்காத முகமும் கொண்ட, வல்கன் கிரகத்து ஸ்பாக். மருத்துவர் மெக்காய், பொறியாளர் ஸ்காட், ஆசிய வம்சத்தவரான சூலு, இரண்டாம் ஆண்டில் வந்து சேர்ந்த ரஷ்யரான செக்கோவ் ஆகியோரும் உண்டு. அமெரிக்காவும் ரஷ்யாவும் பகைமை பாராட்டிய காலத்தில் ஒரு ரஷ்ய இளைஞனைத் தம் கலத்தில் ஏற்றியது துணிச்சல்தான். 1980-களில் நம் தூர்தர்ஷனிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் இத்தொடர் வந்தது. "பேச்சு பாதி புரியாது; ஸ்பாக்கின் காது மட்டும் நன்றாகப் புரியும்" என்பார் என் பெரியப்பா.

எல்லோரும் ஸ்பாக்கைப் புகழ்வர். என் மனத்தில் நின்றவரோ உஹூரா.

உஹூரா அக்கலத்தின் செய்தித் தொடர்பு அதிகாரி. காதில் ஒரு கருவியைப் பொருத்திக் கொண்டு, கேப்டனுக்குப் பின்புறத்தில் தம் நாற்காலியில் அமர்ந்திருப்பார். 'உஹூரு' என்றால் சுவாஹிலி மொழியில் விடுதலை. அச்சொல்லிலிருந்து பிறந்ததே இப்பெயர். நடித்தவர் நிஷெல் நிக்கல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் வந்ததே 1965-இல்தான் என்பதை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். அக்காலத் திரைகளில் அவ்வினப் பெண்களுக்குப் பெரும்பாலும் வேலைக்காரி வேடமே கிடைத்தது. பின்னாளில் புகழ்பெற்ற நடிகையான ஹூப்பி கோல்ட்பெர்க், சிறுமியாக இருந்தபோது உஹூராவைத் திரையில் கண்டதும், "ஒரு கறுப்பு அம்மா டிவியில் வருகிறார், அவர் வேலைக்காரி இல்லை!" என்று வீடு முழுவதும் கூவிக்கொண்டு ஓடினாராம்.

உண்மையைச் சொன்னால் உஹூராவுக்கு வசனம் மிகக் குறைவு. தொடர்பு கிடைத்துவிட்டது என்று கேப்டனிடம் அறிவிப்பதோடு பல வாரங்களில் அவர் பங்கு முடிந்து விடும். ஆண்கள் எல்லாம் புதுக் கிரகங்களில் இறங்கிச் சாகசம் புரிய, அவர் மட்டும் கலத்திலேயே இருப்பார். பழைய பகுதிகளைப் பார்க்கும்போது எனக்கு இது பெருங்குறையாகவே படுகிறது. நிக்கல்ஸுக்கும் மனக்குறை இருந்தது. டியூக் எலிங்டனின் இசைக்குழுவோடு பாடிய அவருக்கு மேடை நாடகங்களில்தான் நாட்டம். எனவே முதல் ஆண்டு முடிவில் விலகிக்கொள்வதாக ராடன்பெரியிடம் கூறிவிட்டார்.

அந்த வார இறுதியில் ஒரு விழாவுக்குச் சென்றிருந்தார். உங்கள் ரசிகர் ஒருவர் உங்களைச் சந்திக்க விரும்புகிறார் என்றனர். திரும்பிப் பார்த்தால் எதிரே நிற்பவர் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்! தம் பிள்ளைகளை இரவில் கண்விழித்துப் பார்க்க அனுமதிக்கும் ஒரே நிகழ்ச்சி இதுதான் என்றார் அவர். நிக்கல்ஸ் தாம் விலகப் போவதைக் கூறியதும் கிங்கின் முகம் மாறிற்று. கூடாது என்றார். அந்த நாற்காலியில் அறிவும் கண்ணியமும் உடைய ஒரு கறுப்பினப் பெண் அமர்ந்திருப்பதை உலகம் முதன்முறையாகக் காண்கிறது. விலகினால் அவ்விடத்தில் வேறு யாரையும் வைத்துவிடுவார்கள் என்று எடுத்துரைத்தார். நிக்கல்ஸ் பலமுறை கூறியுள்ள நிகழ்ச்சி இது. திங்கட்கிழமை அவர் ராடன்பெரியிடம் சென்று தம் முடிவை மாற்றிக்கொண்டார்.

ரசிகர்களும் சும்மா இருக்கவில்லை. தொடர் நிறுத்தப்படும் என்ற பேச்சு எழுந்ததும் பிஜோ ட்ரிம்பிள் என்ற பெண்மணியும் அவர் கணவரும் நாடெங்கும் ரசிகர்களைக் கடிதம் எழுதத் தூண்டினர். கடிதங்கள் மூட்டை மூட்டையாகக் குவிந்தன. தொடரும் என்று 1968 மார்ச்சில் தொலைக்காட்சியிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆயினும் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு அதைத் தள்ளிவிட்டனர். 79 பகுதிகளோடு 1969 ஜூன் மாதம் முடிந்தது. பின்னர் மறு ஒளிபரப்பில்தான் அதன் புகழ் ஓங்கிற்று. 1976-இல் நாசாவின் முதல் விண்வெளி ஓடத்திற்கு 'கான்ஸ்டிட்யூஷன்' என்று பெயரிட இருந்தனர். மறுபடியும் கடிதங்கள்! ஜனாதிபதி ஃபோர்டு பெயரை மாற்றினார். 'என்டர்பிரைஸ்' என்ற அந்த ஓடம் சோதனைகளுக்கே பயன்பட்டது. விண்வெளிக்குச் செல்லவே இல்லை என்பது ஒரு வேடிக்கை.

1977 வரை விண்வெளிக்குச் சென்ற அமெரிக்கர் அனைவரும் வெள்ளையின ஆண்களே. இதை நிக்கல்ஸ் வெளிப்படையாகக் குறை கூறினார். அப்படியானால் ஆள் சேர்க்க நீங்களே உதவுங்கள் என்றது நாசா. தகுதியுள்ளவர்களை நான் கொண்டு வந்த பின்னும் பழையபடியே தேர்ந்தெடுத்தால் சும்மா விடமாட்டேன் என்று எச்சரித்துவிட்டு வேலையில் இறங்கினார். கல்லூரி கல்லூரியாகச் சென்று பேசினார். 8,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். 1978-இல் தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள், 3 பேர் கறுப்பினத்தவர். விண்வெளி சென்ற முதல் அமெரிக்கப் பெண்ணான சாலி ரைடு அவர்களுள் ஒருவர்.

ரொனால்ட் மெக்நேரும் அக்குழுவினரே. தென் கரோலினாவில் சிறுவர்களாக வளர்ந்த காலத்தை அவருடைய அண்ணன் கார்ல் நினைவுகூர்ந்திருக்கிறார். எல்லா நிறத்தவரும் சேர்ந்து பணிபுரியும் அந்தக் கலம் கார்லுக்கு வெறும் கற்பனை. தம்பிக்கோ அது நடக்கக்கூடிய செய்தியாகத் தோன்றியதாம். தொலைக்காட்சி நேரத்தை வீணாக்கும் என்று நம் பெரியோர் கூறுவது பெரும்பாலும் சரியே. ஆனால் ஒரே வீட்டில், ஒரே பெட்டியில் ஒரே படத்தைப் பார்த்த இருவருக்குள் இந்த வேறுபாடு எப்படி வந்தது என்று நான் பலநாள் யோசித்தேன். மெக்நேர் 1984-இல் விண்வெளிக்குச் சென்றார். 1986 ஜனவரி 28 அன்று 'சேலஞ்சர்' விபத்தில் உயிரிழந்தார். அவருடன் மாண்ட ஜூடித் ரெஸ்னிக் என்ற பெண்மணியும் அதே 35 பேரில் ஒருவர்.

உஹூராவைப் பார்த்து வளர்ந்த மே ஜெமிசன் மருத்துவரானார். 1992 செப்டம்பரில் 'எண்டெவர்' ஓடத்தில் சென்று, விண்வெளி கண்ட முதல் கறுப்பினப் பெண்மணியானார். அங்கே தம் பணி நேரம் தொடங்கும்போதெல்லாம் உஹூராவின் அந்தச் சிறிய அறிவிப்பையே பூமிக்குச் சொன்னார். கலத்தில் அத்தனை வாரமும் கேட்டுச் சலித்த வசனம்தான்!

நிக்கல்ஸ் 2022 ஜூலை 30 அன்று தம் 89-ஆம் வயதில் மறைந்தார். அவருடைய அஸ்தியின் ஒரு சிறு பகுதி, ராடன்பெரி, மெக்காயாக நடித்த டிஃபாரஸ்ட் கெல்லி, ஸ்காட்டாக நடித்த ஜேம்ஸ் டூஹன் ஆகியோரின் நினைவுச் சின்னங்களோடு 2024 ஜனவரி 8 அன்று விண்ணுக்கு அனுப்பப்பட்டது. இப்போது அது சூரியனைச் சுற்றி வருகிறது. ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் பெயர் வல்கன்.