கப்பலுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகலாமா? உப்பிலியபுரத்திலிருந்து முதன்முறை கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உப்பிலியபுரத்தில் ஒரு குடும்பம் வெளியூர் கிளம்பினால், பெட்டியைப் பூட்டுவதற்கு முன்பே தண்ணீர் கேன் வாசலுக்கு வந்துவிடும். பழனிக்கு வேன் பிடித்தாலும் சரி, பக்கத்துப் புளியஞ்சோலைக்குக் குளிக்கப் போனாலும் சரி, வீட்டுத் தண்ணீர் கூடவே வரும். வழியில் கிடைத்ததைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாமல் நம்மைக் காப்பாற்றி வந்த பழக்கம் அது. இப்போது அதே பழக்கத்தோடு நம்மவர்கள் சொகுசுக் கப்பல்களிலும் ஏறுகிறார்கள். டிக்கெட் எடுத்த கையோடு பெரியவர்கள் கேட்பது, “தண்ணி எடுத்துட்டுப் போக விடுவாங்களா? எத்தனை கேன் வேணும்?” என்பதைத்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலில் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் கப்பலுக்குப் போகும் வழியிலும், இறங்கிச் சுற்றும் ஊரிலும், வீட்டில் கைக்குழந்தையோ சில வகை நோயாளிகளோ இருந்தால் கப்பலுக்குள்ளேயும், தண்ணீரைப் பற்றி முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

முதல் வேலை: எந்தக் கப்பல் என்று பாருங்கள்

நம் பகுதிக்காரர்கள் ஏறுகிற கப்பல்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று, சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல். கார்டீலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பலை 2022 ஜூன் 4 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் இங்கேதான் கொடியசைத்து அனுப்பினார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போய்வந்தது. இரண்டாவது, திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே ஏறும் கப்பல். அமெரிக்காவில் பிள்ளைகள் இருந்தால் அங்குள்ள கப்பல்களும் இதில் சேரும். மூன்றாவது, நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணியர் கப்பல். 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மீண்டும் ஓடத் தொடங்கியது. சுமார் 110 கிலோமீட்டர் தூரம், ஏறக்குறைய நான்கு மணி நேரம்.

நாகைக் கப்பலுக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். பஸ்ஸில் தஞ்சாவூர் போவதற்கு எடுப்பதுபோல் ஆளுக்கொரு பாட்டில் போதும். கடல் குமட்டலுக்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்காதீர்கள். வாய் நனைகிற அளவுக்கு அடிக்கடி குடியுங்கள். இனி வருவது எல்லாம் முதல் இரண்டு வகைக்கு.

விதியைப் படியுங்கள், பிறகு பெட்டி கட்டுங்கள்

வெளித் தண்ணீர் பற்றி ஒவ்வொரு கப்பல் நிறுவனத்துக்கும் ஒரு விதி உண்டு. ராயல் கரீபியனில் ஓர் அறைக்கு 12 பாட்டில் வரை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை லிட்டருக்கு மேற்படாமல், ஏறும் நாளில் கைப்பையில் கொண்டுபோகலாம். கார்னிவல் நிறுவனம் 2015 முதல் பாட்டில் தண்ணீரை அனுமதிப்பதில்லை. டின்னிலோ அட்டைப் பெட்டியிலோ அடைத்ததை மட்டும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விடுகிறது. நார்வீஜியன் நிறுவனம் தண்ணீரையே விடுவதில்லை. மருத்துவக் கருவிக்கும் குழந்தையின் பால்பவுடருக்கும் வேண்டிய தண்ணீருக்கு மட்டும், முத்திரை உடைக்காமல் இருந்தால், விலக்கு உண்டு.

தண்ணீரின் மேல் ஏன் இவ்வளவு சந்தேகம்? பாட்டில் மூடியைத் திறந்து, உள்ளே வோட்கா ஊற்றி, மறுபடி ஒட்டிக் கொண்டுவந்தவர்கள் அதிகமானதுதான் காரணம். பாட்டில்களைச் சோதிக்க வேண்டியதாகி வரிசை நீண்டது, தடை வந்தது. வீட்டில் நிரப்பிய கேனை நீங்கள் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு தூக்கிப் போனாலும் வாசலில் எடுத்து வைத்துவிடுவதற்கு இதுதான் பின்னணி.

விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளில் வெளி உணவு, பானம் என்ற பகுதியை வீட்டுப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சென்னைக் கப்பலுக்கும் இதையே செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். போனில் ஒருவர் “கொண்டுவாங்க சார்” என்று சொன்னது துறைமுக வாசலில் செல்லாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நான்கு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர், மூன்று நாள் என்றால் 36 கிலோ. அவ்வளவு எடையையும் உப்பிலியபுரத்தில் ஏற்றி, துறையூரில் இறக்கி, திருச்சியில் மாற்றி, சென்னையில் ஆட்டோவில் வைத்து, கப்பல் படியில் தூக்க வேண்டும். ராயல் கரீபியன் அனுமதிப்பதும் ஓர் அறைக்கு ஆறு லிட்டர்தான். அது இரண்டு பேருக்கு ஒரே நாள் தண்ணீர்.

முழுப் பயணத்துக்கும் தண்ணீர் சுமந்துபோன ஒருவர் நம் நாட்டில் உண்டு. 1902-இல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்குக் கிளம்பிய ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் சவாய் மாதோ சிங், ஒலிம்பியா என்ற கப்பலையே வாடகைக்குப் பிடித்து, கங்கை நீரை மாபெரும் வெள்ளிக் குடங்களில் ஏற்றிக்கொண்டு போனார். சுமார் 1.6 மீட்டர் உயரமுள்ள அந்தக் குடங்களை ஜெய்ப்பூர் அரண்மனையில் இன்றும் பார்க்கலாம். கப்பல் முழுவதும் தன் கையில் இருந்த அரசரால் முடிந்தது அது.

கப்பல் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். இது புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

கப்பலின் தொட்டிகளுக்கு இரண்டு வழியில் தண்ணீர் சேரும். துறைமுகத்தில் நிற்கும்போது கரையிலிருந்து குழாய் போட்டு ஏற்றுவது ஒன்று. நடுக்கடலில் கடல்நீரிலிருந்து தாங்களே எடுத்துக்கொள்வது இன்னொன்று. அதற்கும் இரண்டு முறைகள். இன்ஜினிலிருந்து வீணாகும் சூட்டைக் கொண்டு கடல்நீரை ஆவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பது பழைய முறை. காற்றை உறிஞ்சி எடுத்த கலத்துக்குள் கொதிக்க வைப்பதால் 100 டிகிரி வேண்டியதில்லை. அதைவிடக் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும். மற்றது, நம் வீட்டு ஆர்.ஓ. கருவி செய்வதையே பெரிய அளவில், மிக அதிக அழுத்தத்தில் செய்வது. துறைமுகத்துக்கு அருகில் கடல்நீர் அழுக்காக இருக்கும் என்பதால் அங்கே இந்த வேலையை நிறுத்திவைப்பார்கள்.

இப்படி எடுத்த தண்ணீரில் உப்பு மட்டுமல்ல, ஏறக்குறைய எந்தத் தாதுவும் இருக்காது. அதனால் சுண்ணாம்புக்கல் படுகையின் வழியே அனுப்பிக் கொஞ்சம் தாது சேர்ப்பார்கள். குறைந்த சூட்டில் கொதித்த தண்ணீரில் கிருமி முழுக்கச் சாகாது. எனவே குளோரினும் கட்டாயம். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் கப்பல்களில், குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சுகாதாரத் துறையின் விதி. நம் நாட்டுக் குடிநீர்த் தரமும் குறைந்தபட்சம் இதே 0.2 மில்லிகிராமைத்தான் சொல்கிறது. கப்பல்களின் சுகாதாரத்துக்கென்று உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டு நூலிலும் குடிநீர் பற்றிய பகுதி உண்டு.

ஆகவே முதல் மடக்கிலேயே “என்ன இது, மருந்து வாடை அடிக்குது, சப்புன்னு இருக்குது” என்று தோன்றினால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. தாது குறைவு, குளோரின் உண்டு; அதுதான் ருசி மாறியதன் காரணம். திறந்த பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் வாடை குறையும். குளிர்ந்துவிட்டால் இன்னும் தெரியாது. அறையில் கைகழுவும் தொட்டிக் குழாயில் வருவதும், சாப்பாட்டுக் கூடத்தில் வருவதும் பொதுவாக ஒரே குடிநீர்க் குழாய்தான். இருந்தாலும் குளியலறைக் குழாயில் பிடித்துக் குடிக்க நம்மில் பலருக்கு மனம் வராது. அதைக் குறை சொல்ல மாட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் போய்ப் பிடித்துக்கொள்ளுங்கள். வெந்நீர்க் குழாய்த் தண்ணீரை மட்டும் யாரும் குடிக்க வேண்டாம்.

யாருக்குத் தனித் தண்ணீர் வேண்டும்?

கைக்குழந்தை. பால்பவுடர் கலக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 70 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்குள் பவுடரைக் கலந்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பவுடருக்குள்ளேயே கிருமி இருக்கக்கூடும் என்பதால் இந்த விதி. இங்கேதான் சிக்கல்: தீ விபத்துக்குப் பயந்து, மின்சாரக் கெட்டில், சுருள் ஹீட்டர் ஆகியவற்றைக் கப்பல்கள் அறைக்குள் அனுமதிப்பதில்லை. நல்ல எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்றும், முத்திரை உடைக்காத பாட்டில் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் தண்ணீர் கொண்டுவருவதை டிக்கெட் எடுக்கும்போதே எழுதித் தெரிவியுங்கள். கப்பலில் ஏறியதும் அறைப் பணியாளரிடம், வேளாவேளைக்குக் கொதிக்கும் தண்ணீர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் தருவார்கள், கேட்கக் கூச்சப்படுவதுதான் நம்மவர்களின் குறை.

தூக்கத்தில் மூச்சுத் திணறுவதால் இரவில் சிபேப் கருவி வைத்துக்கொள்பவர்கள். அதன் ஈரப்பதத் தொட்டிக்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். பெட்ரோல் பங்கிலும் பேட்டரிக் கடையிலும் ‘டிஸ்டில்டு வாட்டர்’ என்று விற்பதை வாங்கிப் போகாதீர்கள். அது பேட்டரிக்கு, மூச்சில் போவதற்கானதல்ல. பயண நாளுக்குச் சில வாரம் முன்பே நிறுவனத்தின் சிறப்புத் தேவைப் படிவத்தில் எழுதினால் பல கப்பல்களில் அறைக்கே வந்துவிடும்.

தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகள் புதிதாக எதுவும் கொண்டுபோக வேண்டாம். அளவு குறித்த பாட்டில் ஒன்று போதும். அதில் பிடித்துக் குடித்தால் கணக்குத் தவறாது.

ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் சிலருக்குக் காவிரித் தீர்த்தம் கூடவே இருக்க வேண்டும். சின்னச் செம்பில் இறுக மூடி, துணி சுற்றி எடுத்துக்கொள்ளுங்கள். சோதனையில் கேட்டால் வழிபாட்டுக்கு என்று சொல்லுங்கள். விமானத்தில் போவதாக இருந்தால் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். ஏற்றி அனுப்பும் பெட்டியில் வையுங்கள்.

சீரகத் தண்ணீர், சுக்குத் தண்ணீர், வெட்டிவேர்த் தண்ணீர் என்று வீட்டுப் பழக்கம் உள்ளவர்கள் தண்ணீரை விட்டுவிட்டுச் சரக்கைக் கொண்டுபோகலாம். கடையில் ஒட்டிய பாக்கெட்டாக இருக்கட்டும். கப்பலில் வெந்நீர் வாங்கிப் போட்டால் வீட்டு ருசி கிடைத்துவிடும். அதே பையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் சில வையுங்கள். பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் நன்மைக்குப் பதில் கெடுதல்.

வீட்டிலிருந்து துறைமுகம் வரை

உண்மையில் வீட்டுத் தண்ணீர் கைகொடுப்பது இந்தத் தூரத்துக்குத்தான். துறையூர், பெரம்பலூர் வழியாகவோ திருச்சி வழியாகவோ சென்னை போங்கள். எப்படியும் பகலோ இரவோ ஒன்று வழியில் கழியும். பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, நகரத்தைக் குறுக்கே கடந்து துறைமுகம் சேர வேண்டும். பிறகு பெட்டிச் சோதனை, அடையாளச் சோதனை, வரிசை. சென்னையின் ஜூன் வெயிலில் இதற்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழையும் நேரத்தில் பாட்டில் காலியாக இருக்கும்படி குடித்து முடியுங்கள். காலிப் பாட்டிலுக்குப் பொதுவாகத் தடையில்லை. அதுதான் உங்கள் பெட்டியில் மிகவும் உபயோகமான பொருள்: அகன்ற வாயுள்ள, ஒரு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாட்டில், ஆளுக்கு ஒன்று.

சிங்கப்பூரில் ஏறுபவர்கள் திருச்சியிலிருந்து தண்ணீரே கொண்டுபோக வேண்டாம். அந்த ஊரில் குழாய்த் தண்ணீரையே தைரியமாகக் குடிக்கலாம்.

கப்பலுக்குள்

உங்கள் பாட்டிலின் வாய், தண்ணீர்க் குழாயின் முனையில் படக் கூடாது. பல கப்பல்களில் பாட்டிலை நேரடியாகப் பிடிக்கவே விடமாட்டார்கள். டம்ளரில் பிடித்துப் பாட்டிலில் ஊற்றச் சொல்வார்கள். கப்பல்களில் அவ்வப்போது பரவும் நோரோ வைரஸ் வாந்திபேதி பெரும்பாலும் கைகளாலும் பலர் தொட்ட இடங்களாலும்தான் பரவுகிறது. கையைத் துடைக்கும் ஜெல் அதற்குப் போதாது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தண்ணீருக்குப் படுகிற கவலையில் பாதியைக் கைகழுவுவதில் காட்டினால் வயிறு பத்திரம்.

அறையில் மேசைமேல் அழகாக வைத்திருக்கும் பாட்டிலைத் திறக்கும் முன் விலைச்சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மூடி உடைந்தால் அது உங்கள் கணக்கில் ஏறிவிடும். சாப்பாட்டுக் கூடத் தண்ணீர் டிக்கெட்டிலேயே அடங்கியது.

காலிப் பிளாஸ்டிக் பாட்டிலைக் கடலில் எறிய வேண்டாம். கப்பலிலிருந்து கடலில் பிளாஸ்டிக் போடுவதை உலக நாடுகளின் மார்போல் ஒப்பந்தம் 1988-இலிருந்தே தடை செய்திருக்கிறது. குழந்தைகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

இறங்கிச் சுற்றும் ஊர்களில்

காலையில் கப்பலை விட்டு இறங்கும்முன் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். இலங்கைப் பயணத்தில் இது இன்னும் முக்கியம். காங்கேசன்துறை இருக்கும் யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கிய கிணற்று நீரே முக்கிய ஆதாரம். உரத்தாலும் கழிவுக் குழிகளாலும் பல கிணறுகளில் நைட்ரேட் கூடியிருக்கிறது. லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் போனால் பால்பவுடர் குடிக்கும் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜன் சுமக்கும் திறனை இழக்கலாம். கொதிக்கவைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். உறவினர் வீட்டில் எவ்வளவு அன்போடு காய்ச்சிக் கொடுத்தாலும், கைக்குழந்தைக்கு மட்டும் கப்பலில் பிடித்த தண்ணீரையோ கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீரையோ பயன்படுத்துங்கள். காரணத்தைச் சொன்னால் அவர்கள் வருத்தப்பட மாட்டார்கள்; தங்கள் கிணற்றைப் பற்றி அவர்களுக்கும் தெரியும்.