ரேம் நிறைந்தால் தப்பா?



கம்ப்யூட்டரில் ரேம் எவ்வளவு காலியாகக் கிடக்கிறதோ அவ்வளவு நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். இது சரிதானா என்று பார்ப்போம்.

எங்கள் ஊர் கொல்லிமலைச் சோளக்காடு. அங்கே ஒரு சின்ன மேசை போட்டு நீங்கள் படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். புத்தகங்கள் எல்லாம் கீழே நாமக்கல்லில். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வருகிறீர்கள். படித்து முடித்ததும் கிழித்துப் போடுவீர்களா? மேசையில் இடம் இருக்கும்வரை இருக்கட்டுமே! மேசைதான் ரேம், நாமக்கல்தான் ஹார்டு டிஸ்க், அந்த ஜெராக்ஸ்தான் கேஷ். ரேமில் ஒரு சங்கதியை எடுக்க ஏறக்குறைய 100 நானோ செகண்டு. சுழலும் டிஸ்க்கில் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லி செகண்டு. லட்சம் மடங்கு வித்தியாசம். அதனால்தான் ஆப்பரேட்டிங் சிஸ்டம் காலி இடத்தைச் சும்மா விடுவதில்லை.

வேறு வேலைக்கு இடம் தேவைப்பட்டால்? ஜெராக்ஸைக் கிழித்துவிடலாம், அசல் பத்திரமாகக் கீழே இருக்கிறது. (அதில் நீங்கள் திருத்தம் செய்திருந்தால் மட்டும் முதலில் அசலிலும் எழுதிவிட வேண்டும்.) ஆனால் நீங்களே கைப்பட எழுதிய கணக்குத் தாளைக் கிழிக்க முடியுமா? அதற்குப் பிரதியே கிடையாதே! அதைக் கீழே கொண்டுபோய் வைக்க ஒரு தனி அலமாரி வேண்டும். அந்த அலமாரிதான் ஸ்வாப். விண்டோஸில் பேஜ் ஃபைல் என்பார்கள். போக்குவரத்து நடப்பது வழக்கமாக 4096 பைட் கொண்ட பக்கங்களாக.

நெடுநாள் தொடாத தாள் ஸ்வாப்பில் கிடப்பதால் கெடுதல் இல்லை. இப்போது இறக்கிய தாளையே அடுத்த நிமிஷம் ஏற்றி, மறுபடி இறக்கி... இப்படி ஆனால்தான் மெஷின் திணறும். டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகராது.

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் கிடைத்தது. ஆரம்பத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ரேம்; விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படி அக்காவுக்குக் கிடைத்த ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தம்பி வைத்திருக்கிறான். ஒரு கடையில் காட்டினானாம். “ரேம் ஃபுல்லு தம்பி, மாத்தியே ஆகணும்”னு சொல்லிட்டாங்க. மிளகு விற்ற காசைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அப்பா என்னிடம், “மாத்திடலாமாப்பா?” என்று கேட்டார்.

லினக்ஸில் ‘ஃப்ரீ -எம்’ என்று அடித்தேன். ‘ஃப்ரீ’ என்ற கட்டத்தில் 90 எம்பி கூட இல்லை. கடைக்காரர் பார்த்தது அதைத்தான் போலிருக்கிறது. நாம் பார்க்க வேண்டியது ‘அவெய்லபிள்’ என்ற கட்டம். அது 1000 எம்பிக்கு மேல் காட்டியது, அதாவது கேட்டால் உடனே விடக்கூடிய இடம். (பழைய பதிப்புகளில் இந்தக் கட்டம் இருக்காது, ‘பஃபர்ஸ், கேஷ்’ கழித்த வரியைப் பாருங்கள்.) அடுத்து ‘விஎம்ஸ்டாட் 5’. ஐந்து செகண்டுக்கு ஒரு வரி வரும். ‘எஸ்ஐ’ என்பது ஸ்வாப்பிலிருந்து ஏறுவது, ‘எஸ்ஓ’ இறங்குவது. முதல் வரி மெஷின் போட்டதிலிருந்து சராசரி, அதை விட்டுவிடுங்கள். தம்பி ரெக்கார்டு டைப் அடிக்கும்போது இரண்டுமே சைபர். பிரவுசரில் பத்துப் பதினைந்து பக்கம் திறந்தபோதுதான் இரண்டும் நூற்றுக்கணக்கில் ஓடின. “நாலு பக்கத்துக்கு மேல திறக்காதே, இப்போ காசு போட வேண்டாம்” என்று இருவரிடமும் சொன்னேன்.

“ரேமைச் சுத்தம் செய்கிறோம்” என்று வரும் புரோகிராம்களை நான் போடச் சொல்வதில்லை. அவை மேசையிலுள்ள ஜெராக்ஸைக் கிழித்துவிட்டு, “பார், எவ்வளவு காலி!” என்கின்றன. அடுத்த நிமிஷம் நாமக்கல்லுக்கு ஓடுவது நாம்தானே! ஸ்வாப்பை அடியோடு நிறுத்துவதும் வைத்தியம் அல்ல. இடம் தீர்ந்தால் லினக்ஸ் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். சேமிக்காத பிராஜக்ட் ரிப்போர்ட் அதில் இருந்தால் போச்சு.